மூளைக்குள் ஒரு சுற்று – 17: வழி தவறுவது கண்ணாலா, மறதியாலா?

மியூனிக்கில் யோசெப் சில் குழுவினர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் 'எல்.எம்.' என்றொரு பெண்மணி வருகிறார். மூளை ரத்தக்குழாய் அடைத்ததில் இருபுறமும் பின்பகுதி பழுதாகிவிட்டது. நிறம் தெரிந்தது, முகம் தெரிந்தது, எழுத்தும் தெரிந்தது. அசைவு மட்டும் போய்விட்டது. கோப்பையில் டீ ஊற்றினால் அது உறைந்துபோய் நிற்பதாகத் தோன்றும். மட்டம் ஏறுவது தெரியாது. எப்போது நிறுத்துவது என்று புரியாமல் வழிந்துவிடும். தூரத்தில் இருந்த கார் திடீரென்று பக்கத்தில் இருக்கும். அது வந்ததை மட்டும் அவர் பார்த்திருக்கமாட்டார்.

போன வாரம் அல்சைமரை மறதியோடு நிறுத்தியிருந்தோம். எல்.எம்.முக்கு அல்சைமர் கிடையாது. ஆனால் அசைவைக் காண்பதற்கென்றே மூளையில் தனி இடம் உண்டு என்பதற்கு அவர் வலுவான சாட்சி. மூளையின் பின்பகுதியிலுள்ள அந்த வட்டாரத்தை அல்சைமரும் தொடும்; ஒரே அடியாக அல்ல, சிறுகச் சிறுக.

தெருவில் நேராக நடக்கிறீர்கள். நீங்கள் போகும் திசையில் ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நிற்கும். கதவு, மரம், மின்கம்பம் எல்லாம் அதிலிருந்து விரிந்து, இரு பக்கமும் வழுக்கிக்கொண்டு பின்னால் போகும். 'எங்கே போகிறோம்' என்பதை மூளை இந்த விரிவிலிருந்தும் கணக்கிடுகிறது. விமானிகள் தரையிறங்கும் விதத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் கிப்சன் இதை விளக்கியவர்.

1999-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டஃபியும் அவர் சகாவும் அல்சைமர் நோயாளிகளைத் திரைமுன் உட்கார வைத்தார்கள். திரை முழுக்கப் புள்ளிகள். சில ஒரு மையத்திலிருந்து விரியும், மற்றவை தாறுமாறாக ஓடும். மையம் எங்கே? மற்ற முதியவர்களைவிட அதிகப் புள்ளிகள் ஒழுங்காக விரிந்தால்தான் நோயாளிகள் பலருக்கு அது பிடிபட்டது. பக்கவாட்டில் நகரும் புள்ளிகளில் அவ்வளவு தடுமாற்றம் இல்லை. விரிவைக் காண முடியாதவர்களே வழி கண்டுபிடிக்கும் சோதனையிலும் திணறினார்கள்.

தெருமுனையில் திகைத்து நிற்கும் பெரியவரை "மறந்துட்டாரு" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மறதியும் இருக்கலாம், எல்லா நோயாளிக்கும் பார்வை இப்படிக் கெடுவதும் இல்லை. ஆனால் அவர் கால் எடுத்து வைக்கும்போது தெரு சரியாக விரியாமல் இருந்தால், வீட்டு விலாசம் நினைவிருந்தும் பயனில்லை. கண்ணாடியின் பவரை மாற்றியும் பயனில்லை. சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை அவர் கடகடவென்று வாசித்துவிடுவார், வீட்டாரும் கண்ணில் குறையில்லை என்று நிம்மதியாவார்கள்.

கார் ஓட்டுபவர் என்றால் ஆபத்து கூடுதல். அயோவாவில் மாத்யூ ரிஸோ குழுவினர் நிஜச் சாலையைத் தவிர்த்து சிமுலேட்டரில் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். 1997-இல் வெளியான முடிவு: அல்சைமர் உள்ள 21 பேரில் 6 பேர் மோதினார்கள். நோயில்லாத 18 பேரில் ஒருவரும் மோதவில்லை.

அடுத்த வாரம் டெர்ரி பிராட்செட். தமக்கு அல்சைமர் என்று 2007-இல் அறிவித்த அந்த ஆங்கில நாவலாசிரியரை நினைவைக் காட்டிலும் பார்வைதான் முதலில் சோதித்தது.