திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை
காவிரியின் தென்புறத்தில், சமவெளியின் நடுவே 83 மீட்டர் உயரத்துக்குத் தனிப்பாறையாய் எழுந்து நிற்கும் இக்குன்றமே, தொலைவிலிருந்து வரும் யாத்திரிகருக்குத் திருச்சிராப்பள்ளி நகரத்தை முதலில் அறிவிக்கும் சின்னமாகும்.

அடிவாரத்தில் மாணிக்க விநாயகரும், இடையில் தாயுமானவரும், சிகரத்தில் உச்சிப் பிள்ளையாரும் எழுந்தருளியிருக்கும் இம்மலையில், 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த மேற்குகைக் கோயிலினுள், ஆகாய கங்கையைச் சடையில் ஏற்கும் கங்காதர மூர்த்தியின் சிற்பம் கம்பீரமாய்த் திகழ்கிறது. நதிகளில் பிரியமுள்ள சிவபெருமான் காவிரியின் எழிலிலும் மனம் பறிகொடுப்பாரோ என்று ஐயுற்றே மலைமகள் இங்கு நித்தியவாசம் செய்கிறாள் என, அச்சிற்பத்தின் இருமருங்கிலும் பொறித்த வடமொழிச் சாசனம் கற்பனைச் சுவையுடன் கூறுகிறது.

நாயக்க மன்னர் காலத்தில் அரண் பெற்று, 18ஆம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களில் முற்றுகைகளைத் தாங்கிய இத்தலத்தின் சிற்பங்களைத் தீண்டாமலும், பாறைகளில் பெயர் கீறாமலும் காத்தல் நம் அனைவரின் கடமை.