மறுபடி வந்துவிட்டது

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், பரேலுக்குப் புற்றுநோய் சிகிச்சைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களோடு நான் துணைக்குப் போவது நம் சங்க அன்பர்கள் பலருக்குத் தெரியும். டாக்டர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வேன். அவ்வளவுதான் என் வேலை.

தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று. 4 வயதுப் பையனுக்கு நியூரோபிளாஸ்டோமா. பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாக்கும் நரம்புத் திசுப் புற்றுநோய் இது. கீமோதெரபிக்கு முழுவதும் அடங்காததால் எம்.ஐ.பி.ஜி. என்ற மருந்தை ஊசி வழியே செலுத்தினார்கள். நரம்பில் சுரக்கும் ரசாயனம் போன்றது என்பதால் புற்றுநோய்ச் செல்கள் இதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதனுடன் சேர்த்திருக்கும் அயோடின்-131 அங்கிருந்தே கதிர் வீசி அவற்றை அழிக்கும். குழந்தையின் உடலிலிருந்தும் கதிர் வரும் என்பதால் சில நாட்கள் தனி அறை. தாயும் தள்ளியே இருக்கவேண்டும்.

8 மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் எலும்பில் புள்ளிகள் தெரிந்தன. "மறுபடி வந்துவிட்டது" என்று நான்தான் சொன்னேன். அந்தத் தாய் அழவில்லை.

"அந்த நாலு நாளும் பிள்ளையத் தூக்காம எட்டியே நின்னேனே அண்ணாச்சி, அதனாலயா திரும்ப வந்துட்டு?"

டாக்டரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். எல்லாப் புற்றுநோய்ச் செல்களும் மருந்தை ஒரேமாதிரி இழுப்பதில்லை, இழுக்காதவை தப்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத சிறு கூட்டமாக இருந்தால் கதிரின் சக்தியில் பெரும்பகுதி அவற்றைத் தாண்டிப் போய்விடும். தப்பியவை பிறகு பெருகும். தாய் எட்டி நின்றதோ, சாப்பாடோ, கண்ணேறோ காரணமல்ல.

அடுத்து, "இனிக் குணமாகுமா?" என்றாள். திரும்பி வந்த பிறகு முழுக் குணம் அரிது, இன்னொரு முறை கொடுத்தால் எலும்பு வலி குறையலாம் என்றார் டாக்டர். கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று என் மனம் தடுமாறியது. மாற்றவில்லை, உள்ளபடியே சொன்னேன்.

வலிக்காக மறுபடியும் கொடுத்தார்கள். இம்முறை அவள் ஈயத் தடுப்புக்குப் பின்னாலிருந்து கதை சொன்னாள். வலி குறைந்தது. கணபதி ஊர்வலத்தை அப்பாவின் தோளில் ஏறிப் பார்த்தான் பையன். பொங்கலுக்கு அவன் இல்லை.

அன்பர்களே, இப்படியொரு நிலை வந்தால், "இந்தச் சிகிச்சை குணப்படுத்தவா, வலி குறைக்கவா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். மொழி தடையானால் சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். புரியாத ஒன்றுக்காக எந்தத் தாயும் தன்னையே நொந்துகொள்ளக் கூடாது.