பழைய கணக்கும் புதிய வேலையும்



"கல் இல்லை, இரும்பு இல்லை, உட்கார்ந்து தட்டுறதெல்லாம் ஒரு இன்ஜினியரிங்கா?" என்று சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் கம்ப்யூட்டர் பிரிவினரான எங்களைக் கேலி செய்வதுண்டு. கேலியானாலும் கேள்வி நியாயமானதே. பதில் தேடியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

வயதில் எங்கள் துறை சிறியது. 'சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்' என்ற பெயர் பரவியதே 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பு கூட்டிய மாநாட்டுக்குப் பிறகுதான். பெரிய புரோகிராம்கள் சொன்ன நாளில் முடியாமலும், சொன்னபடி ஓடாமலும் தொல்லை கொடுத்த காலம் அது. மற்ற இன்ஜினியர்களைப் போல நாமும் ஓர் ஒழுங்குக்குள் வர வேண்டும் என்ற எண்ணத்தில் அந்தப் பெயரை வைத்தார்கள்.

பழைய துறைகள் தவறே செய்யவில்லையா? செய்தன. கனடாவின் கியூபெக் பாலத்தைப் பாருங்கள். நடுக்கண்ணின் நீளத்தை 1600 அடியிலிருந்து 1800 அடியாகக் கூட்டினார்கள். ஆனால் பாலத்தின் சொந்த எடையை அதற்கேற்ப மறுபடி கணக்கிடவில்லை. 1907 ஆகஸ்ட் 29-ல், வேலை நடக்கும்போதே பாலம் சரிந்து 75 தொழிலாளர்கள் மாண்டனர்.

அடுத்து 1996 ஜூன் 4. ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. அதன் திசைகாட்டும் கருவியில் இருந்ததோ ஏரியன் 4-க்காக எழுதிய புரோகிராம்! புதிய ராக்கெட்டுக்குப் பக்கவாட்டு வேகம் அதிகம். அதைச் சார்ந்த 64 பிட் எண்ணை 16 பிட் இடத்தில் போட்டபோது கொள்ளவில்லை. அங்கே 32,767-க்கு மேல் அடங்காதே! கருவி நின்றது. மாற்றுக் கருவி இருந்தது. அதிலும் அதே புரோகிராம், எனவே அதுவும் நின்றது. சுமார் 40 விநாடிகளில் ராக்கெட் சிதறியது. நல்லவேளை, அதில் ஆட்கள் இல்லை.

இரண்டிலும் தவறு ஒன்றே: பழைய கணக்கைச் சரிபார்க்காமல் புதிய வேலைக்கு வைத்தது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சிவிலில் பாரத்தை 1.5 ஆல் பெருக்கி டிசைன் செய்கிறோம். கான்கிரீட் கட்டியை 28-ம் நாள் நசுக்கிப் பார்க்கிறோம். ஒரு செங்கல் மட்டமானாலும் சுவர் நிற்கும். புரோகிராமுக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஒரு குறி மாறினாலும் முழுதும் நின்றுவிடலாம். இரண்டு பிரதி வைத்தால் தவறுக்கும் இரண்டு பிரதி!

என் அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தது நான்தான். எத்தனையோ வருட அனுபவம் இருந்தும் அப்பா தூக்குக்குண்டு விடாமல் சுவரை ஏற்ற மாட்டார். "கண்ணு ஏமாத்தும், குண்டு ஏமாத்தாது" என்பார். எங்கள் தூக்குக்குண்டு எது? என்ன வேண்டும் என்பதை முதலில் எழுதிவைப்பது, எந்த எண் எதுவரை போகும் என்று குறிப்பது, அந்த எல்லையில் வைத்துச் சோதிப்பது, எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்ப்பது. இவையே. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறக்கிற பாடமல்ல இது.

சிவில் நண்பர்களே! உங்கள் பாலத்தின் கணக்கையும் இன்று கம்ப்யூட்டரே போடுகிறது. எங்கள் புரோகிராம் சாய்ந்தால் உங்கள் தூணும் சாயும். துறை எதுவானாலும், 'போன தடவை சரியா இருந்துச்சே' என்று விடாமல் மறுபடி அளப்போம். அதுவே இன்ஜினியரிங்!