நீர் குடித்த டீசல் எஞ்சின்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியன்று சென்னையை அடுத்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் அதனோடு சேர்ந்துகொள்ள, அடையாற்றின் கரை எது, வீதி எது என்று தெரியாதபடி முடிச்சூரும் ஜாபர்கான்பேட்டையும் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியபோது, மனிதர்கள் பட்ட துன்பத்துக்கு முன்னால் மோட்டார் கார்களின் கதியைப் பற்றிப் பேசுவது யாருக்கும் உசிதமாகப் பட்டிருக்காது. வெள்ளம் வடிந்து சேறு காய்ந்த பிறகுதான் அந்தப் பேச்சு எழுந்தது. ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஒரே மட்டத்துக்கு மூழ்கிக் கிடந்த இரண்டு டீசல் கார்களில் ஒன்று சில நாள் வைத்தியத்தில் பிழைத்து ஓடுவதும், மற்றொன்று எஞ்சினையே கீழே இறக்கிப் பிரித்துப்போட வேண்டிய நிலைக்கு வருவதும் இத்தகைய காலங்களில் அபூர்வமல்ல. இரண்டும் குடித்த நீர் ஒன்றேயானாலும், ஒன்றின் சொந்தக்காரர் ‘ஓடுகிறதா, பார்ப்போமே’ என்று சாவியைத் திருப்பியிருப்பார். மற்றவர் திருப்பியிருக்க மாட்டார்.

இந்தச் சிறு செய்கைக்கு அவ்வளவு பெரிய விளைவு ஏன் என்பதை அறிய, டீசல் எஞ்சினின் சுபாவத்தைச் சற்றே கவனிக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை ஒரு மின்பொறி பற்றவைக்கிறது. ருடால்ஃப் டீசல் 1893-இல் காப்புரிமை பெற்று, 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய யந்திரத்திலோ பொறிக்கு வேலையே இல்லை. சிலிண்டருக்குள் வெறும் காற்றை மாத்திரம் இழுத்து, அதன் கன அளவைப் பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கிவிட்டால், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் விரலைச் சுடுகிறதே, அதே காரணத்தால் அந்தக் காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலாகக் கொதிப்பேறி, அந்தக் கணத்தில் உள்ளே பீச்சப்படும் டீசலைத் தானாகவே எரியச் செய்துவிடுகிறது. டீசலின் சிக்கனமும் இழுவைத் திறனும் பெருமளவு இந்தக் கடும் நெருக்கத்திலிருந்து பிறப்பவை. நீரின் முன்னால் அது காட்டும் பலவீனமும் அதிலிருந்தே பிறக்கிறது.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் நாட்டுச் சாலைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளின் கார்களில் பொருத்தப்பட்டு, பல ஆண்டுகள் ஏராளமாக ஓடிய எஞ்சின் ஒன்றின் கொள்ளளவு 1248 கன சென்டிமீட்டர், நான்கு சிலிண்டர்கள், ஆகவே ஒவ்வொன்றிலும் பிஸ்டன் ஒரு தடவை மேலேறும்போது கடக்கும் இடம் 312 கன சென்டிமீட்டர். அது உச்சத்தை அடையும்போது அதற்கு மேலே எஞ்சியிருக்கும் வெற்றிடமோ சுமார் 18 கன சென்டிமீட்டர்தான். அதாவது, ஒரு மேஜைக்கரண்டிக்குச் சற்று அதிகமான நீர் உள்ளே புகுந்துவிட்டால் பிஸ்டன் முழுமையாக மேலேற இடமில்லை. காற்று நெருக்க நெருக்க இணங்கும், நீர் இணங்காது. அதன் கன அளவில் நூற்றில் ஒரு பங்கைக் குறைப்பதற்கே வாயுமண்டலத்தின் அழுத்தத்தைப்போல் 200 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் தேவைப்படுகிறது.

பிஸ்டன் மேலேற முடியாமல் தடைப்படும்போது அதன் கீழே என்ன நிகழ்கிறது? நிமிஷத்துக்கு 2000 சுற்று வேகத்தில் சுழலும் எஞ்சினில், அடியிலிருந்து உச்சிக்குச் செல்ல ஒரு பிஸ்டன் எடுத்துக்கொள்ளும் காலம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் 15 பங்கு மாத்திரமே. அந்தச் சிறு பொழுதுக்குள் ஒரு பக்கம் நீர் அசையாமல் நிற்க, மறுபக்கம் கனத்த ஃப்ளைவீலும், கியரில் இருக்கும் காரணத்தால் டன் கணக்கான காரின் வேகமும் சேர்ந்து உந்த, நடுவே அகப்பட்டுக்கொள்வது, பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. சற்றே வளைந்தால் அதிர்ஷ்டம் என்றுதான் கொள்ள வேண்டும். முறிந்தால் அதன் துண்டு எஞ்சினின் பக்கச் சுவரையே துளைத்து வெளிவந்துவிடக்கூடும். பட்டறையில் இந்த நிலையை ‘ஹைட்ரோ லாக்’ என்பார்கள்.

சாவியைத் திருப்புவதால் வரும் அபாயம் இதைவிடச் சூட்சுமமானது. செல்ஃப் மோட்டாரின் வலிமை எஞ்சினின் வலிமைக்கு எம்மாத்திரம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் பிஸ்டன் உச்சியை நெருங்க நெருங்க, கிராங்கின் கையும் கனெக்டிங் ராடும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் வந்துவிடுவதால், சுழற்றும் சிறு விசைகூட மேல்நோக்கிப் பன்மடங்கு பெருகிய அழுத்தமாக மாறிவிடுகிறது. போதாக்குறைக்கு டீசல் எஞ்சினின் செல்ஃப், இயல்பான கடும் நெருக்கத்தை வெல்ல வேண்டியிருப்பதால், பெட்ரோல் எஞ்சினுடையதைக் காட்டிலும் பலமானதாகவே அமைக்கப்பட்டிருக்கும். அத்துடன், ஏர் ஃபில்டர் பெட்டியிலும் குழாய்களிலும் தேங்கி, இதுவரை சிலிண்டரைத் தொடாமல் நின்றிருந்த நீரையும் ஒவ்வொரு சுற்றும் உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வது இதனினும் மோசம்.

பழைய டீசல் எஞ்சின்கள் நீருக்கு அஞ்சாதவை என்று பெயர் வாங்கியிருந்தன. மின்பொறியும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம், பம்பு டீசலை அனுப்பிக்கொண்டிருக்க, சுவாசிக்கக் காற்று கிடைத்தால் போதும் என்ற நிலையில் அவை ஓடின. ஆஸ்திரேலியாவின் வனாந்தரங்களில் ஆறுகளைக் கடக்கும் வண்டிகளில், முன்கண்ணாடியை ஒட்டிக் கூரை வரை எழும் ஒரு குழாயைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது எஞ்சினின் மூக்கை உயரத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் அந்த மூக்கு முன்விளக்கின் பின்புறமோ கிரில்லின் மேற்புறமோ இருக்கிறது. நின்றிருக்கும் நீரைவிட அது உயரத்தில் இருப்பதாக நம்பித் துரைசாமி சுரங்கப்பாதையிலோ கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ வேகமாக இறங்குகிறவர், தம் வண்டியே முன்னால் எழுப்பும் அலையையும், எதிரே வரும் பேருந்து தள்ளிவிடும் அலையையும் கணக்கில் சேர்ப்பதில்லை. நீர் சக்கரத்தின் மையத்தைத் தாண்டுமென்று தோன்றினால் திரும்பிவிடுவதே விவேகம்.

நீரின் நடுவே எஞ்சின் நின்றுவிட்டால், முதலாவது காரியம் ஒன்றும் செய்யாமலிருப்பது. சாவியை எடுத்துவிட வேண்டும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்ற முடிந்தால் கழற்ற வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கையால் தள்ளியோ ரெக்கவரி வண்டியில் ஏற்றியோ மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். காகித ஃபில்டர் காய்ந்திருந்தால், எஞ்சின் நின்றதற்குக் காரணம் நனைந்த ஒரு சென்சாராகவோ மின் இணைப்பாகவோ இருக்கக்கூடும். ஃபில்டர் நனைந்து தொய்ந்திருந்தால், நீர் சிலிண்டர் வரை போயிருப்பதாகவே எண்ணி நடந்துகொள்ள வேண்டும். அடுத்து ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்துக்கு வந்திருந்தாலோ, வழக்கமான அளவுக்கு மேல் ஏறியிருந்தாலோ கீழே எண்ணெய் தங்கும் சம்ப்பிலும் நீர் சேர்ந்திருக்கிறது; எண்ணெயைவிட நீர் கனமாதலால், டிரெயின் நட்டைத் தளர்த்தினால் நீரே முதலில் வரும்.

இனிவரும் வேலையில்தான் மெக்கானிக்கின் பொறுமை பரீட்சிக்கப்படுகிறது. சிலிண்டருக்குள் அடைபட்ட நீர் வெளியேற வழி வேண்டும். குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்குவதற்கென்று ஒவ்வொரு சிலிண்டரிலும் பொருத்தியிருக்கும் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றினால் அந்த வழி கிடைத்துவிடும். ஆனால் பென்சில்போல் மெலிந்த இந்தப் பிளக்குகள், வருஷக்கணக்கான கரியிலும் உஷ்ணத்திலும் இறுகிப்போய், முரட்டுத்தனமாகத் திருகினால் பாதியில் ஒடிந்துவிடும் குணமுடையவை. ஒடிந்த பிளக்கை வெளியே எடுக்கச் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற நேர்ந்தாலும் நேரும். ஆகவே துருவை இளக்கும் எண்ணெயை அவற்றின் வேரில் விட்டு, ஊறவைத்து, சிறிது முன்னும் சிறிது பின்னுமாக அசைத்து எடுக்கிறவரே தேர்ந்த கைகாரர். இத்தகைய பிளக் இல்லாத எஞ்சின்களில் இன்ஜெக்டர்களைக் கழற்ற வேண்டும். அவற்றைத் திரும்பப் பொருத்தும்போது அடியிலுள்ள தாமிர வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும்.

துவாரங்கள் திறந்த பிறகும் உடனே செல்ஃபை நாடலாகாது. கிராங்க் புல்லியின் நட்டில் ஒரு நீண்ட ஸ்பேனரை மாட்டி, எஞ்சின் இயல்பாகச் சுழலும் திசையில் கையாலேயே மெல்லச் சுற்ற வேண்டும். நான்கு வீச்சு எஞ்சினின் ஒரு முழுச் சக்கரத்துக்கு கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுகிறதாதலால், இரண்டு முழுச் சுற்றும் எங்கும் முட்டாமல் வந்தால்தான் நான்கு சிலிண்டர்களையும் சோதித்ததாக அர்த்தம். இடையில் எங்கேனும் முட்டினால் பலத்தைப் பிரயோகிக்காமல் அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேட வேண்டும். தடையில்லாமல் சுற்றினால், இன்ஜெக்டர்களின் மின் இணைப்பைத் துண்டித்து, டீசல் வராதபடி செய்துகொண்டு, செல்ஃபைச் சில விநாடிகள் மாத்திரம் ஓடவிடலாம். அப்போது துவாரங்களிலிருந்து நீர் பீறிட்டு அடிக்கும் வேகம் பார்ப்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். குனிந்து பார்ப்பவருக்குக் கண் போகும். ஈரம் வருவது நின்ற பின், ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் எண்ணெயை விட்டுக் கையால் மறுபடியும் சுற்றி வைத்தால் உட்சுவர் துருப்பிடிக்காது. இந்தக் கட்டத்துக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறோமோ அவ்வளவு நல்லது. நீரோடு சில தினங்கள் கிடந்த எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் துருவினால் சுவரோடு ஒட்டிக்கொள்வது உண்டு. அன்றே வேலையைத் தொடர வசதியில்லையானாலும் நீரை எடுத்து எண்ணெய் விடுவதையாவது முடித்துவிட வேண்டும்.

காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையில், பம்பருக்கு அருகே தாழ்வாகத் தொங்கி அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் அடியில் தேங்கிய நீர், இத்தனை பாடுபட்டு உலர்த்திய எஞ்சினை முதல் ஓட்டத்திலேயே திரும்பவும் மூழ்கடித்துவிடும். அதையும் அதன் குழாய்களையும் கழற்றிக் கவிழ்த்து உலர்த்தாமல் எஞ்சினைக் கிளப்பும் மெக்கானிக்கை நான் நம்ப மாட்டேன்.

டீசல் டாங்கையும் பார்க்க வேண்டும். டீசல் நீரினும் இலேசானது. ஆகையால் டாங்கில் நுழைந்த நீர், எரிபொருளை உறிஞ்சும் குழாய் இருக்கும் அடிப்பகுதியிலேயே போய்த் தங்கும். இக்காலத்துக் காமன் ரெயில் எஞ்சின்களின் பம்பு, 1600 வாயுமண்டல அளவிலான அழுத்தத்தை உண்டாக்கும்போது தன் உறுப்புகளுக்கு மசகாக நம்பியிருப்பது அந்த டீசலையே. அதில் நீர் கலந்தால் பம்பும் இன்ஜெக்டர்களும் தேய்ந்து போகும். டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து நீரை வடித்து, ஃபில்டரைப் புதிதாக்குவது அவசியம். கியர் பெட்டி எண்ணெய், ஆல்டர்னேட்டர், சீட்டுக்கு அடியில் ஓடும் ஒயர்களின் இணைப்புகள், கம்ப்யூட்டர் பெட்டி ஆகியவை தனித்தனியே கவனிக்கத் தக்கவை.

இவையெல்லாம் முடிந்து, புதிய எண்ணெயும் ஃபில்டர்களும் போட்டு, எஞ்சின் உயிர்பெற்று உறுமும்போது, அதைச் சில நிமிஷங்கள் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தி, எண்ணெயை மறுபடியும் மாற்ற வேண்டும். மூலைமுடுக்குகளில் ஒளிந்திருந்த ஈரம் அந்த முதல் எண்ணெயோடு போய்விடும். ஆனால் ஓடுகிறது என்பதனாலேயே ஆபத்து நீங்கியதாகச் சொல்ல முடியாது. மேலே சொன்ன எஞ்சினில் கனெக்டிங் ராடு ஒன்று வளைந்து, அதன் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பிஸ்டன் அந்த அளவு தாழ்ந்தே நிற்பதால், 18 கன சென்டிமீட்டராக இருந்த இடம் 22-ஆகி, பதினெட்டு மடங்கு நெருக்கம் பதினைந்து மடங்காக இறங்கிவிடும். அந்தச் சிலிண்டர் காலையில் புகைந்து, தட்டும் ஓசையோடு ஓடும். சூடேறிய பின் குறை தெரியாது. வளைந்த ராடு அப்படியே சில நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு, நெடுஞ்சாலையில் ஒருநாள் முறியலாம். ஆகையால் நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் கருவி வைத்து அளந்து ஒப்பிடுவதும், ஐயம் எழுந்தால் இன்ஜெக்டர் துவாரத்தின் வழியே ஒவ்வொரு பிஸ்டனும் எட்டும் உச்சத்தை அளப்பதும் தவிர்க்கக் கூடாதவை. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். வேறு சமாதானம் இல்லை.

வேளச்சேரிவாசிகள் 2024 அக்டோபரில், மழை எச்சரிக்கை வந்தவுடனே தங்கள் கார்களை மேம்பாலத்தின் மீது வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியதைச் சிலர் பரிகசித்தார்கள். எஞ்சினை இறக்கி ஏற்றும் செலவை அறிந்தவர் பரிகசிக்க மாட்டார். மேம்பாலம் எல்லோருக்கும் அருகில் இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் பத்திரம் எல்லோரிடமும் இருக்க வேண்டிய ஒன்று. மூன்றாம் நபருக்கு மட்டுமான பாலிசியில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு காசும் கிடைக்காது. முழுப் பாலிசி எடுத்தவர்களுக்குங்கூட, நீரில் நின்ற வண்டியைக் கிளப்பப்போய் எஞ்சின் உடைந்தால், அது உங்கள் செய்கையின் விளைவு என்று கம்பெனிகள் மறுப்பது வழக்கம். அதற்கென எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை உண்டு. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே உங்கள் பத்திரத்தை எடுத்து, அந்தச் சேர்க்கை அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.