ஊதாத சங்கு

விளாங்குடிப் பக்கம் வயதான ஆலைத் தொழிலாளி யாரையேனும் கண்டால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ஐயா, அந்தக் காலத்தில் கைக்கடிகாரம் இல்லாமல் எப்படி மணி பார்த்தீர்கள்?"

"மணி எதுக்குய்யா? அதான் மில்லுச் சங்கு ஊதுமே!" என்பார்.

ஆம், தோழர்களே! மதுரை நகரின் கடிகாரம் ஒரு காலத்தில் ஆலைச் சங்குதான். ஹார்வி மில் சங்கு என்றால் அறியாதவர் கிடையாது. முதல் சங்குக்கு எழுந்திரு, அடுத்த சங்குக்குத் தூக்குவாளியை எடு, கடைசிச் சங்குக்கு ஆலை வாசலுக்குள் இரு! தாமதமானால் வாசற்கதவு சாத்தப்படும். அன்றைய கூலி போச்சு. சங்கு கேட்டுத்தான் அடுப்பு எரிந்தது. சங்கு கேட்டுத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்பட்டனர். ஆலைக்கே போகாத வீட்டிலும், "சங்கு ஊதிடுச்சு, இன்னும் என்ன தூக்கம்?" என்ற அதட்டல் கேட்கும்.

இன்று? சங்கு அடங்கிவிட்டது. ஆளுக்கொரு கைபேசி. அதில் மணி உண்டு, நாள் உண்டு, எழுப்பிவிடக் கோழியைப் போல் கூவும் வசதியும் உண்டு. சங்கு எதற்கு?

போகட்டும். பழம்பொருளுக்காகக் கண்ணீர் வடிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல நாம். தந்தி போயிற்று, 2013 ஜூலையோடு இந்த நாட்டில் தந்தி சேவைக்கே மூடுவிழா. தெருவுக்கு நாலு என்றிருந்த எஸ்.டி.டி. பூத்துகள் போயின. தட்டச்சுப் பயிலகங்களின் படபடப்புச் சத்தம் தேய்ந்தது. அம்மியும் ஆட்டுரலும் கொல்லைப்புறத்தில் கிடக்கின்றன. அவற்றில் அரைத்து அரைத்துக் கை காய்த்துப்போன நம் தாய்மாரைக் கேட்டால் "தொலைந்தது சனியன்" என்பார்களே தவிர, திரும்பக் கொண்டுவா என்று சொல்லமாட்டார்கள்.

மனிதனை மனிதன் இழுத்த கை ரிக்‌ஷா ஒழிந்ததே, அதற்காக யார் அழுதார்? அது ஒழிந்த விதத்தை மட்டும் மறக்கக்கூடாது. 1973இல் தமிழக அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்தபோது, இழுத்தவனை நடுத்தெருவில் விட்டுவிடவில்லை. சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. வண்டி ஒழிந்தது, வண்டிக்காரன் ஒழியவில்லை. எந்தக் கட்சி ஆட்சி செய்திருந்தாலும் நல்லதை நல்லது என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

அப்படியானால் சங்கு போனதில் மட்டும் நமக்கென்ன வருத்தம்?

சங்குக்கு இரண்டு குரல் உண்டு, தோழர்களே. "உள்ளே வா" என்பது ஒன்று. "வேலை முடிந்தது, வீட்டுக்குப் போ" என்பது மற்றொன்று. முதற்குரல் முதலாளியின் குரல். இரண்டாவது குரலை அந்த முதலாளி தானாக முன்வந்து ஊதினான் என்றா நினைக்கிறீர்கள்?

கேளுங்கள் கதையை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆலைகளில் தொழிலாளி கடிகாரத்தை உள்ளே கொண்டுவரவே அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. ஏன்? ஆலைக் கடிகாரத்தைக் காலையில் முன்னுக்குத் தள்ளுவார்கள், மாலையில் பின்னுக்கு இழுப்பார்கள். உழைப்பவன் பையில் உண்மையான மணி இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! நிமிஷம் நிமிஷமாகத் திருடிச் சேர்த்த செல்வம் அது.

நம் நாட்டிலோ முதலில் திருடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. தடுக்கச் சட்டமே கிடையாது. சூரியன் உதித்தால் வேலை, அஸ்தமித்தால் ஓய்வு. அந்த அஸ்தமனமாவது ஏழைக்குத் துணையாக நின்றது. அதையும் பறித்தது எது தெரியுமா? மின்சார விளக்கு! 1905 வாக்கில் பம்பாய் ஆலைகளில் மின்விளக்கு எரியத் தொடங்கியது. இருட்டு ஒழிந்தது, கூடவே தொழிலாளியின் மாலைப் பொழுதும் ஒழிந்தது. நாளொன்றுக்கு 14 மணி, 15 மணி என்று வேலை நீண்டது. எதிர்ப்புக் கிளம்பிற்று. விளக்கின் மேல் குற்றமில்லை. நம் வீட்டில் பிள்ளை படிப்பதும் அதே விளக்கில்தான். ஸ்விட்ச் யார் கையில் இருந்தது என்பதே கேள்வி.

தூத்துக்குடி கோரல் மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஹார்வி கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்ததுதான். 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். முன் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு என்று கேட்டனர். வெள்ளைக்கார நிர்வாகம் பணிந்தது. வென்ற கையோடு, மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கால் நீட்டிப் படுக்கும் தொழிலாளி, அந்த ஞாயிறுக்குப் பின்னால் செக்கிழுத்த கைகள் இருப்பதை ஒரு முறையேனும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

பிறகு சட்டங்கள் வந்தன, ஆமை வேகத்தில். பஞ்சாலையில் வயது வந்த ஆண்களுக்கு 12 மணி நேரம்தான் என்று வரம்பு கட்டியது 1911ஆம் ஆண்டுச் சட்டம். 1922இல் அது 11 மணி, வாரத்துக்கு 60. 1934இல் நாளைக்கு 10, வாரத்துக்கு 54. 1946இல்தான் 9 மணி, வாரத்துக்கு 48 என்று வந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அந்த 48ஐ நிலைநாட்டியது. அரை மணியும் ஒரு மணியுமாக மாலைச் சங்கை முன்னுக்கு நகர்த்த 37 ஆண்டுகள்! சங்கின் கயிற்றைப் பிடித்தவன் ஆலைக் காவலாளியாக இருக்கலாம். அதை எப்போது இழுக்கவேண்டும் என்று முடிவு செய்தவர்கள் வாசலில் நின்று தடியடி பட்டவர்கள்.

1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே முதல் மே தினம் அது. 1886இல் சிகாகோ தொழிலாளர் எட்டு மணி நேரம் கேட்டு ரத்தம் சிந்திய செய்தியை நம் மண்ணுக்குக் கொண்டுவந்த நாள். அதற்கு நூறாண்டு நிறைய பத்தே நாள் பாக்கி. 2023 ஏப்ரல் 21. அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதா என்ன? ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா! தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள்; மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சரே அறிவித்தார். 1911இல் வெள்ளையன் கட்டிய வரம்புக்கே திரும்பிப் போகும் வழி அடைபட்டது. 2025 நவம்பரில் மத்திய அரசு நான்கு தொகுப்புச் சட்டங்களை அமலாக்கி 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏறக்கட்டியது. வாரத்துக்கு 48 மணி என்ற எண் அதிலும் இருக்கிறது. ஆனால் எண்ணைக் காவல் காப்பவர் யார்?

இப்போது விளாங்குடிக்கு வருவோம். பாத்திமா கல்லூரியைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில் இரவு 11 மணிக்கு நின்று பாருங்கள். 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். கடைகளும் விளக்குகளும் பெருகிவிட்டன. சாலையோரம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி இளைஞர்கள். முதுகில் பெரிய சதுரப் பை. கையில் போன். முகத்தில் போன் வெளிச்சம். வேடிக்கை பார்க்கவா நிற்கிறார்கள்? அடுத்த உணவுப் பொட்டலத்துக்கு எப்போது அழைப்பு வரும் என்று காத்து நிற்கிறார்கள்.

இவர்களின் தாத்தாவுக்குச் சங்கு இருந்தது. இவர்களுக்குச் செயலி இருக்கிறது. "உள்ளே வா" என்று அது அழைக்கும். பத்து முறை அழைக்கும். மழை பெய்தால் கூடுதல் காசு என்று ஆசை காட்டி அழைக்கும். "வேலை முடிந்தது, வீட்டுக்குப் போ" என்று ஒருநாளும் ஊதாது! இரண்டு ஆர்டர் கூட ஓட்டினால் இன்றைய ஊக்கத்தொகை என்று கண்ணெதிரே கொழுக்கட்டையைக் கட்டித் தொங்கவிடும். பொட்டலம் சுமக்கும் நேரத்துக்குத்தான் காசு. காத்து நிற்கும் நேரம் கணக்கில் இல்லை. ஆலையில் நூல் அறுந்து எந்திரம் நின்றாலும் தொழிலாளிக்கு அது வேலை நேரம்தான். இங்கே நிற்கும் நேரம் அவன் சொந்த நேரமாம்! கேட்டால், "அவர் எங்கள் தொழிலாளி அல்லர், பங்காளி" என்கிறது கம்பெனி. பங்காளியாம்! சொத்தில் பங்கு தராத பங்காளியை மதுரை ஜில்லா முழுக்கத் தேடினாலும் இங்கேதான் பார்க்கிறோம்.

இதற்காகப் போனை உடைக்கச் சொல்லவில்லை நாம். உடைத்தால் பயன் இல்லை. அந்தப் போனே ஒரு விதத்தில் நம் சாட்சி. எந்த நிமிஷத்தில் ஒருவன் செயலியைத் திறந்தான், எத்தனை மைல் ஓடினான், எங்கே எவ்வளவு நேரம் நின்றான் என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. பழைய ஆலைக் கடிகாரத்தை முன்னே பின்னே தள்ளியது போல் இதைத் தள்ளுவது அவ்வளவு சுலபமில்லை. கணக்கு இருக்கிறது, அதைக் காட்டச் சொல்லும் சட்டம்தான் போதவில்லை.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. வேலை நேரத்துக்குப் பின் முதலாளியின் அழைப்பைக் கண்டுகொள்ளாமல் இருக்கும் உரிமையை 2017இல் பிரான்சு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2024இல் ஆஸ்திரேலியாவும் கொண்டுவந்தது. செயலித் தொழிலாளருக்கென்றே 2023இல் ராஜஸ்தான் தனிச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு தமிழகத்தில் நல வாரியம் அமைந்தது. வாரியம் வந்ததை வரவேற்கிறோம். ஆனால் விபத்து உதவி என்பது வேறு, வேலை நேர வரம்பு என்பது வேறு. கால் ஒடிந்த பின் கட்டுப்போடப் பணம் தருவது நல்லதுதான். 14 மணி நேரம் ஓட்டித் தூக்கக் கலக்கத்தில் விழாமல் தடுப்பது அதைவிட நல்லது இல்லையா?

"ஊதுகிற சங்கை ஊதுவோம், விடிகிறபோது விடியட்டும்" என்பார்கள் நம் ஊரில். சலிப்போடு சொல்கிற பேச்சு அது. ஆனால் பஞ்சாலைத் தோழர்கள் அப்படி இருந்துவிடவில்லை. 1911க்கும் 1946க்கும் இடையே அவர்கள் செய்த முதல் காரியம் கணக்கு எழுதியது. எத்தனை மணிக்கு உள்ளே விட்டான், எத்தனை மணிக்கு வெளியே விட்டான் என்று சங்க நோட்டில் குறித்து வைத்தார்கள். பேச்சுவார்த்தை மேஜையில் பேசியது அந்த நோட்டு.

விளாங்குடி, கூடல் நகர், பரவை, செல்லூர் கிளைத் தோழர்கள் இந்த மாதம் ஒரு வேலை செய்யவேண்டும். உங்கள் தெருவில் பை சுமந்து ஓடும் பையன் உங்கள் பிள்ளையாகவே இருக்கலாம். ஒரு நோட்டை அவன் கையில் கொடுங்கள். செயலியைத் திறந்த நேரம், மூடிய நேரம், காத்து நின்ற நேரம், கைக்கு வந்த காசு, பெட்ரோலுக்குப் போன காசு, இந்த ஐந்தையும் 30 நாள் எழுதச் சொல்லுங்கள். நோட்டுகளைச் சேர்த்துக்கொண்டு கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். கூட்டத்தை மாலை 6 மணிக்கு வைக்கவேண்டாம். அது அவர்களுக்கு ஓட்டம் மிகுந்த நேரம். இரவு 11 மணிக்கு மேல் வையுங்கள், தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை. டீக்கு நாம் சொல்லிவிடுகிறோம்.