ஒற்றை முழங்கால் வீக்கம்

நமது தேகத்தில் முழங்காலைப்போல் ஓயாமல் உழைத்தும் தக்க மரியாதை பெறாத அங்கம் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுவதற்கும், வாசலில் குந்திக் கோலம் போடுவதற்கும், சந்நிதியில் விழுந்து நமஸ்கரிப்பதற்கும் அது முற்றிலும் மடங்கியாக வேண்டும். மேற்குச் சென்னைப் பகுதியில் அதற்கு வேலை இன்னும் அதிகம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் யந்திரத்தின் முன் நாள் முழுதும் நிற்கும் இளைஞரும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலைக்குச் செல்பவரும், விடியுமுன் கூடையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லியில் பஸ் ஏறும் பெண்மணியும் முழங்காலை நம்பியே ஜீவனம் நடத்துகிறார்கள். அது ஒரு மாதம் முரண்டு பிடித்தால், குடும்பத்தின் வரவு செலவே தடுமாறிப் போகும்.

வயது முதிர்ந்தபின் இரண்டு முழங்கால்களும் தேய்ந்து வலிப்பது நம் வீடுகளில் சகஜம். அதைப்பற்றி எழுதுவது நமது நோக்கமன்று. இருபது வயதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள், நல்ல தேக பலமுள்ளவர்களுக்கு, ஒரே ஒரு முழங்காலில் காரணமின்றி வந்து சேரும் ஒரு வீக்கத்தைப்பற்றியே இங்கு கூற விரும்புகிறோம். அது அபூர்வமான வியாதிதான். ஆனால், அபூர்வமாயிருப்பதனாலேயே அதைக் கண்டுகொள்ளாமல் ஆண்டுக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கடைசியில் மூட்டையே எடுத்துவிட்டு வேறு மூட்டு வைக்கும்படி நேர்ந்துவிடுகிறது.

உட்சவ்வு செய்யும் கலகம்

முழங்காலின் உள்ளே எலும்பு முனைகளைக் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. மூட்டின் உட்புறச் சுவர் முழுவதையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. மூட்டு வழுக்கிக்கொண்டு அசைவதற்கு வேண்டிய நீரைச் சுரப்பது இச் சவ்வின் தொழில். நாம் கூறும் வியாதியில், இந்தச் சவ்வு தடித்து, மயிரிழைகளைப் போலவும் முடிச்சுகளைப் போலவும் வளர்ந்துவிடுகிறது. இவ் வளர்ச்சிகளிலிருந்து அடிக்கடி இரத்தம் கசிகிறது. இரத்தத்திலுள்ள இரும்பு சவ்வில் படிந்து, அதைத் துருவேறிய தகரத்தின் நிறமாக்கிவிடுகிறது. ஊசி செலுத்தி மூட்டு நீரை எடுத்துப் பார்த்தால், வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டியது, பெரும்பாலும் பழுப்பாகவோ இரத்தம் கலந்தோ வருகிறது.

விரல் தசைநாண்களின் உறையில் தோன்றும் இவ்வகைக் கட்டியை 1852-ஆம் வருஷத்திலேயே பாரிஸ் நகரத்து ஷாஸெஞாக் வர்ணித்திருக்கிறார். நியூயார்க்கில் ஜாஃபே, லிக்டன்ஸ்டைன், சூட்ரோ என்ற மூவர் 1941-இல் இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ‘பிக்மென்ட்டட் வில்லோநாடுலர் ஸைனோவைட்டிஸ்’ என்று நாமகரணம் செய்தார்கள். நிறம் ஏறி, இழையும் முடிச்சுமாய்ச் சவ்வு வீங்குதல் என்பது அதன் பொருள். பெயர் நீளமாயினும், கண்ணால் கண்டதைத்தான் அது கூறுகிறது.

இது வெறும் வீக்கமன்று, ஒருவகைக் கட்டியே என்பது பிற்பாடு தெளிவாயிற்று. உயிரணு ஒன்றில் நேரும் ஒரு பிறழ்ச்சியால், ‘ஸி.எஸ்.எஃப்-1’ என்னும் பொருள் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அது தேகத்தின் காவல் அணுக்களைக் கூட்டங்கூட்டமாக மூட்டுக்குள் வரவழைக்கிறது. கட்டியில் உண்மையில் கெட்டுப்போன அணுக்கள் சொற்பம். அழைக்கப்பட்டு வந்து குவிந்தவையே பெரும்பான்மை. 2006-இல் வெளியான இந்த உண்மையை ஒட்டி, உலக சுகாதார ஸ்தாபனம் 2013-இல் வியாதிக்குப் பெயரையும் மாற்றியமைத்தது. இது புற்றுநோயன்று, வேறு அங்கங்களுக்குப் பரவுவதும் மிக மிக அபூர்வம். ஆனால் மூட்டுக்குள் இருந்துகொண்டே குருத்தெலும்பை அரித்து, எலும்பில் குழிபறிக்க வல்லது.

எத்தனை பேருக்கு?

அமெரிக்காவில் 1980-இல் வெளியிட்ட கணக்கின்படி, பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு இருவருக்கும் குறைவானவர்களுக்கே இது வருகிறது. ஹாலந்து தேசத்தில் 2017-இல் வெளியான கணக்கு இதைவிட அதிகமாகக் காட்டுகிறது. எப்படிப் பார்த்தாலும், அக்கம்பக்கத்து டாக்டர் ஒருவர் தம் வாழ்நாளில் ஒன்றிரண்டு பேரைக் கண்டிருந்தால் அதுவே அதிகம். ஆகையால், முதலில் பார்ப்பவர்கள் இதை வேறொன்றாக நினைப்பதில் வியப்பில்லை. வேலை செய்யுமிடத்தில் பிசகியிருக்கும் என்பார்கள்; வாதம் என்பார்கள்; நம் நாட்டில் க்ஷயரோகம் மூட்டில் பற்றுவதுண்டாகையால் அதுவோ என்றும் சந்தேகிப்பார்கள். வீட்டாரோ புத்தூர்க் கட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்று ரயில் ஏறுவார்கள். முறிந்த எலும்பைக் கட்டு அசையாமல் வைக்கலாம். மூட்டுக்குள்ளே வளரும் சவ்வை எந்தக் கட்டும் எட்டாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. வீக்கம் சில வாரங்களில் தானே வடிந்துவிடும். வடிந்தவுடன் நோயாளி வேலைக்குப் போய்விடுவார். மறுபடி வீங்கினால் மறுபடி தைலம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ. படத்தில்தான், இரும்பு படிந்த சவ்வு கரிய திட்டுகளாகத் தென்பட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. பின்னர் சவ்வில் ஒரு துணுக்கை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்து டாக்டர்கள் நிச்சயம் செய்கிறார்கள். ஒரே முழங்கால் மூன்று நான்கு முறை வீங்கி வடிந்ததென்றால், இச் சோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்வதே விவேகம்.

பிடுங்கவேண்டியது வேரை

காலத்தில் கண்டால் மூட்டை இழக்கவேண்டியதில்லை. கட்டி ஓரிடத்தில் மட்டும் இருந்தால், சிறு துவாரத்தின் வழியே குழாயைச் செலுத்தி அதை அகற்றிவிடுகிறார்கள், பெரும்பாலோர் குணமடைகிறார்கள். சவ்வு முழுவதும் பரவியிருந்தால் முன்புறமும் பின்புறமும் அதைச் சுரண்டி எடுக்கவேண்டும். முழங்காலின் பின்குழியில் பெரிய இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுவதால், அங்கே சிறிது மிஞ்சிவிடுவது எளிது. மிஞ்சியது மீண்டும் வளரும். சிலருக்குக் கதிர் சிகிச்சையும் அளிப்பதுண்டு. ‘பெக்ஸிடார்ட்டினிப்’ என்ற மருந்தை 2019-லும், ‘விம்செல்ட்டினிப்’ என்பதை 2025-லும் அமெரிக்க அரசாங்கம் அங்கீகரித்தது. இரண்டும் முற்கூறிய அழைப்பையே தடுத்து நிறுத்துகின்றன. முதலாவது மருந்து ஈரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்பதால் ஜாக்கிரதையுடனேயே கொடுக்கவேண்டும்.

குருத்தெலும்பு அழிந்து, எலும்போடு எலும்பு உராயும் நிலை வந்துவிட்டால், சவ்வை மட்டும் எடுப்பதால் வலி தீராது. அப்போதுதான் மூட்டு மாற்று ரண சிகிச்சை அவசியமாகிறது. இங்கே ஒரு பழங்கதை நினைவுகூரத் தக்கது. 1890-இல் பெர்லின் நகரத்தில் தெமிஸ்டோக்ளிஸ் க்ளூக் என்ற நிபுணர், க்ஷயரோகத்தால் அழிந்த முழங்காலை எடுத்துவிட்டு, யானைத் தந்தத்தால் கீல் செய்து பொருத்தினார். உலகத்தில் முதன்முதலாக முழங்கால் மாற்றியவர் அவரே. கீல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூட்டில் தங்கியிருந்த நோய் அதை நிலைக்கவிடவில்லை. கறையானை விட்டுவைத்துக் கதவை மட்டும் புதிதாகப் போட்டால் என்ன ஆகும்?

தந்தத்திற்குப் பதில் உலோகமும் வழுவழுப்பான பிளாஸ்டிக்கும் வந்துவிட்டன. 1974-இல் நியூயார்க்கில் இன்ஸால் முதலியோர் உருவாக்கிய மூட்டே இப்போதுள்ளவற்றுக்கு முன்மாதிரி. எனினும் க்ளூக்கின் பாடம் இந் நோயாளிகளுக்கு அப்படியே பொருந்தும். சாதாரணத் தேய்மானத்தில் எலும்பு முனைகளைச் சீவி உலோகத் தொப்பி பொருத்துவதே பிரதான வேலை. இவர்களுக்கோ அதனுடன் நோயுற்ற சவ்வு முழுவதையும் களைந்தாகவேண்டும். எலும்பு முனைகளைச் சீவியபின் பின்குழி திறந்து தெரிவதால், முன்பு எட்டாத மூலைகளையும் அப்போது எட்டலாம். நோய் குடைந்த பள்ளங்களை எலும்புத் துண்டாலோ சிமெண்டாலோ அடைப்பார்கள். தசைநார்களும் அரிபட்டிருந்தால் கீல் வைத்த மூட்டு தேவைப்படலாம். எடுத்த சவ்வைச் சோதனைக்கு அனுப்புவதும் அவசியம்.

இவ்வளவு செய்தும் சிலருக்கு நோய் திரும்புவதுண்டு. முன்பே பலமுறை கத்தி பட்ட முழங்காலானால், விறைத்துப்போகவும் சீழ்பிடிக்கவும் அபாயம் அதிகம். வயதும் ஒரு பிரச்சினை. மாற்றிய முழங்கால்களில் நூற்றுக்குச் சுமார் 82, இருபத்தைந்து வருஷம் நிலைக்கின்றன என்று 2019-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. ஆனால் அவற்றைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். எழுபது வயதுக்கு மேல் மூட்டு மாற்றிக்கொள்பவர்களில், வாழ்நாளில் மறுபடி மாற்றவேண்டி நேருவது நூற்றுக்கு ஐந்து பேருக்கே. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொள்ளும் ஆண்களிலோ அது முப்பத்தைந்து வரை போகிறது என்று 2017-இல் இங்கிலாந்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். முப்பது வயதுத் தொழிலாளிக்கு டாக்டர்கள் மூட்டு மாற்றத் தயங்குவதன் காரணம் இதுதான்.

பணமும் பாதையும்

சிகிச்சை பணக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்துப் பலர் முன்கூட்டியே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். 2017 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் செயற்கை முழங்காலுக்கு உச்ச விலை விதித்தது. அதுவரை சராசரியாக ரூ. 1,58,324 என்று விலை குறித்திருந்த கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு, வரி நீங்கலாக ரூ. 54,720 என்று நிர்ணயமாயிற்று. இரண்டாம் முறை மாற்றுவதற்கான மூட்டு ரூ. 1,13,950 என்று குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில், குறிப்பிட்ட வருமானத்துக்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முழங்கால் மாற்று சிகிச்சை பெறலாம். தொழிற்பேட்டைத் தொழிலாளர்களில் ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர்களுக்கு அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆவடியிலோ அம்பத்தூரிலோ புறநகர் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது ஆஸ்பத்திரி. பூந்தமல்லிக்காரர்களுக்குப் போரூரில் ராமச்சந்திரா ஆஸ்பத்திரி சமீபம். வழி தூரமில்லை, புறப்படுவதற்குத்தான் தாமதம்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

ரண சிகிச்சை முடிந்ததோடு காரியம் முடிந்துவிடாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ எழுந்து நடக்கவேண்டும். காலை மடக்கி நீட்டும் பயிற்சியை வலிக்கிறதென்று விட்டால், மூட்டு விறைத்துப் போகும். பரிதாபப்பட்டு நோயாளியைப் படுக்கவைப்பது அன்பாகாது. குந்தி உட்காருவதைப் பொதுவாக டாக்டர்கள் தவிர்க்கச் சொல்வார்கள். நாற்காலியில் அமர்ந்து சாப்பிடுவதாலும் நின்றபடி கும்பிடுவதாலும் ஆசாரம் எதுவும் கெட்டுவிடாது. வலியில்லாவிட்டாலும் டாக்டர் சொன்ன கெடுவில் போய்க் காட்டவேண்டும். மறுபடி வீக்கம் கண்டால் கெடுவுக்குக் காத்திராமல் உடனே போகவேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு இருக்கும் பெண்ணுக்கு முழங்கால் வீங்கினால், வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று சில குடும்பங்களில் மறைத்துவிடுகிறார்கள். வேலை போய்விடுமென்று பயந்து பையன்களும் வலியை விழுங்கிக்கொள்கிறார்கள். இந்த வியாதி தொற்றாது; பரம்பரையாகவும் வருவதில்லை; ஒளிப்பதற்கு இதில் ஒன்றுமே இல்லை. முதல் வருஷத்தில் காட்டினால் சவ்வோடு போகக்கூடியது, பத்தாம் வருஷத்தில் மூட்டையும் கேட்கிறது. ஆகவே, உங்கள் வீட்டு இளைஞர் எவராவது ஒரு காலைச் சாய்த்து நடப்பதைக் கண்டால், ‘எத்தனை நாளாய்?’ என்று இன்றே கேட்டுவிடுங்கள்.