கோய் கெண்டை வளர்ப்பு: மீனுக்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள்

கோடைக்கால இரவு. மின்சாரம் நின்று நான்கு மணி நேரமாகிறது. வீட்டில் உள்ளவர்கள் திண்ணைக்கு வந்து விசிறிக்கொள்கிறார்கள். தோட்டத்துத் தொட்டியில் காற்றுப் பம்பும் நின்றுபோனது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. விடிந்து பார்த்தால், ஐந்தாறு ஆண்டுகளாகக் கையிலிருந்து தீவனம் தின்று பழகிய பெரிய மீன்கள் செத்து மிதக்கின்றன. விரல் நீளக் குஞ்சுகள் மட்டும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்தபடி தவிக்கின்றன.

கோய் கெண்டை வளர்ப்பவர்கள் அதிகம் அஞ்சுவது இப்படி ஒரு காலைப்பொழுதைத்தான். ஆனால், இந்த இழப்பைப் பெரும்பாலும் தடுத்துவிட முடியும்.

நெல் விவசாயிகள் தந்த மீன்

பண்ணைக்குட்டைகளில் வளர்க்கும் சாதாக் கெண்டையின் நெருங்கிய உறவுதான் கோய். ஜப்பானின் நிகாட்டா மாநிலத்து மலைக் கிராமங்களில் நெல் விவசாயிகள் பனிக்கால உணவுக்காகக் கெண்டை வளர்த்து வந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் அவற்றில் சில மீன்கள் நிறத்தோடு பிறந்தன. அவற்றைத் தெரிந்தெடுத்துப் பெருக்கியதில் உருவானவையே இன்றைய ரகங்கள். 1914-இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகு இவற்றின் புகழ் நாடெங்கும் பரவியது. வெள்ளை உடலில் சிவப்புத் திட்டு இருந்தால் 'கோஹாகு'. அதோடு கறுப்பும் சேர்ந்தால் 'சாங்கே'. கறுப்பு உடலில் சிவப்பும் வெள்ளையும் வந்தால் 'ஷோவா'.

2004 அக்டோபரில் அந்தப் பகுதியை நிலநடுக்கம் தாக்கியபோது, சாலைகள் துண்டிக்கப்பட்ட யாமகோஷி கிராமத்திலிருந்து கோய் மீன்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். நம் மாநிலத்தில் வண்ண மீன் தொழிலுக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூரில் கோய்க் குஞ்சுகள் எளிதாகக் கிடைக்கின்றன.

நல்ல பராமரிப்பில் கோய் 25 ஆண்டுகளுக்கு மேல் வாழும். இரண்டடி நீளம்கூட வளரும். தீவனம் போடுபவரை அடையாளம் கண்டு கரைக்கு நீந்தி வரும். அதனால்தான் அதை இழப்பது, வீட்டு மாட்டை இழப்பதுபோல் வலிக்கிறது.

தொட்டி எவ்வளவு பெரியது?

கடையில் மூன்று அங்குலக் குஞ்சைப் பார்த்து, கண்ணாடித் தொட்டி போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. வளர்ந்த மீன் ஒன்றுக்கு 1,000 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி ஆழமுள்ள தொட்டியில் ஏறத்தாழ 6,800 லிட்டர் பிடிக்கும். அதில் ஆறு மீன்களுக்கு மேல் வேண்டாம். ஆழம் நான்கு அடிக்குக் குறைந்தால் வெயிலில் தண்ணீர் சீக்கிரம் சூடேறும், கொக்குக்கும் வசதியாகிவிடும். பாதித் தொட்டிக்காவது நிழல் வேண்டும். மேலே வலை கட்டுவது நல்லது.

புதிய சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து கார அமிலநிலை ஏறும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றி ஊறவிட்ட பிறகே மீன் விட வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிவிட்டு ஊற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உயிர்வளி குறைவு என்பதால், உயரத்திலிருந்து சிதறவிட்டு நிரப்ப வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. வயலில் இட்ட யூரியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்ற அதே வகை நுண்ணுயிர்கள்தான், வடிகட்டியில் குடியேறி இந்த அம்மோனியாவையும் மாற்றுகின்றன. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒன்றிரண்டு மீன்களே இருக்க வேண்டும். தீவனமும் குறைவாக இருக்க வேண்டும். வடிகட்டியைக் குளோரின் கலந்த தண்ணீரில் அலசினால் நுண்ணுயிர்கள் அழிந்துவிடும். தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும்.

கெண்டைக்கு இரைப்பை கிடையாது. ஒரே வேளையில் அள்ளிக் கொட்டாமல், ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். மிஞ்சும் தீவனம் அழுகி அம்மோனியாவைக் கூட்டும்.

விடியற்காலை ஆபத்து

20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளியைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது. இரவில் பாசியும் உயிர்வளியை எடுத்துக்கொள்வதால், விடியும் முன்புதான் அளவு மிகவும் தாழ்ந்திருக்கும். உயிர்வளி குறையும்போது முதலில் சாவது பெரிய மீன்களே.

ஆகவே, மீன் வாங்கும் முன்பே பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு வாங்கிவிட வேண்டும். அது இல்லாத நேரத்தில் வாளியால் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருப்பது உயிரைக் காக்கும். மின்வெட்டு எதிர்பார்க்கும் நாளில் மாலைத் தீவனத்தை நிறுத்திவிடலாம்.

தோட்டக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. பக்கத்தில் தெளிக்கும்போது தொட்டியை மூடிவிட வேண்டும். தெளிப்பானைத் தொட்டியருகே கழுவக்கூடாது.

புது மீனைத் தனியே வையுங்கள்

1998-இல் கண்டறியப்பட்ட கோய் ஹெர்பிஸ் வைரஸ், தாக்கிய தொட்டியில் பத்துக்கு எட்டு ஒன்பது மீன்களைக் கொன்றுவிடக்கூடியது. மருந்து கிடையாது. மீன் பேனும் நங்கூரப் புழுவும்கூடப் புது மீனோடுதான் பெரும்பாலும் வந்து சேர்கின்றன. மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில், தனி வலையோடு வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகலாம்.

வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலோ கால்வாயிலோ விடக்கூடாது. நோய் பரவும், சேற்றைக் கிளறித் தண்ணீரையும் கெடுக்கும். வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுத்துவிடலாம்.

வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரையாவது மாற்ற வேண்டியிருக்கும். வெளியேற்றும் தண்ணீரில் தழைச்சத்து இருப்பதால், அதை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம். மாலையில் கால் மணி நேரம் தொட்டியருகே உட்கார்ந்தால், எந்த மீன் தீவனத்துக்கு வரவில்லை, எது ஓரமாக ஒதுங்கி நிற்கிறது என்பது தெரிந்துவிடும். நோயை முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கால் மணி நேரம்தான்.